நீல நூல் கட்டிய வளையம்

கண்மாய்க் கரையில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளங்கையில் ஒரு செடி. செடி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு கட்டைவிரல் நகங்களைச் சேர்த்துவைத்த அளவில் ஒரு ஜோடி இலை, அடியில் நனைந்த முடி மாதிரி கொஞ்சம் வேர், அவ்வளவுதான். இலைமேல் பொடிப்பொடியாக மயிர் இருக்கும். தண்ணீர் பட்டால் ஒட்டாது, உருண்டு ஓடிவிடும்.

என்னைச் சுற்றி முப்பது பேராவது இருப்பார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஆண்கள், துவைக்க வந்து துவைக்க முடியாமல் துணிமூட்டையோடு நின்ற பெண்கள். காலை வெயில் அதற்குள் பிடரியில் ஏறிவிட்டது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்மாயில் தண்ணீர் நிறையத்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, அதுதான் விஷயம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை பச்சைப் பாய் விரித்த மாதிரி கிடந்தது. படித்துறைப் பக்கம் ஓர் எருமை இறங்கி ஏறிய தடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. அங்கிருந்து செத்த மீன் வாடை வந்தது.

"சரசும்மா, தொட்டியில செடி வளக்குறவுக நீங்க. ஒங்களுக்குத் தெரியாததா? இது என்னா எழவு, எங்கிருந்து வந்துச்சு? நீங்கதான் சொல்லணும்" என்றார் தவமணி அண்ணன். அந்த ஊர்க் கல்யாண மண்டபம் அவருடையது. கண்மாய் விவகாரமெல்லாம் அவர் சொல்படிதான் நடக்கும்.

நான் செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெரிய டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல ஒரு பாவனை வேறு. பிறகு சொன்னேன்.

"வாத்துக் கால்ல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்ணே. இந்தச் சாதிச் செடி பரவ ஒரு துண்டு போதும்."

சொன்னது நான்தான். பதற்றத்தில் வாய் தவறியது என்று சமாதானம் சொல்ல மாட்டேன். அந்தச் செடியை அந்தக் கண்மாயில் கொட்டியவள் நான். அதைச் சொன்ன நிமிஷத்தில் அது எனக்கு நன்றாகவே தெரியும்.

இத்தனை வாரம் ஏன் எழுதவில்லை

இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு வாசகி விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். "தங்கமீனைப் பற்றி எழுதினீர்கள், வடிகட்டி பற்றி எழுதினீர்கள். மண்ணில் நடாமல் சும்மா மிதக்கவிடுகிற செடிகளைப் பற்றி எப்போது எழுதப்போகிறீர்கள்?"

ஒவ்வொரு தடவையும் வேறு எதையாவது எழுதித் தப்பித்தேன். மதுரை காளவாசலில் என் மீன்தொட்டிக் கடை வாசலில் வெள்ளம் புகுந்த கதையை இரண்டு வாரத்துக்கு இழுத்தேன். ஆசிரியர் குழுவிலிருந்துகூட, "அக்கா, வெள்ளம் வடிஞ்சிருச்சா?" என்று கேட்டுவிட்டார்கள்.

போன வாரம் இன்னொரு வாசகர், 'உள்ளதை உள்ளபடி எழுதுகிற உங்கள் நேர்மை பிடித்திருக்கிறது' என்று எழுதியிருந்தார். கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். எழுதித் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வேர் ஊன்றாதவை

வாசகி கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மட்டிலாவது என் பேச்சை நம்பலாம்.

மீன்தொட்டியில் செடி வைக்க ஆசைப்படுகிறவர்கள் நேராக மண்ணுக்குப் போய்விடுவார்கள். சத்து மண், அதன்மேல் மணல், இடுக்கி வைத்து ஒவ்வொன்றாக நடுவது, மறுநாள் மீன் அதைப் பிடுங்கிப் போடுவது, திரும்ப நடுவது. ஒரு மாதத்தில் வெறுத்துப்போய் பிளாஸ்டிக் செடிக்கு மாறிவிடுவார்கள். அவர்களிடமெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: நடவே வேண்டாம், போட்டுவிடுங்கள்.

நம்மூர்க் கண்மாய்களில் கிடக்கும் வேலம்பாசியை ஒரு கைப்பிடி எடுத்து அப்படியே போட்டால் போதும். பாதி மிதக்கும், பாதி அமிழும், அது பாட்டுக்கு வளரும். குஞ்சு மீன்கள் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். மேலே மிதக்கிற இலைச்செடிகளைப் போட்டால் தொட்டிக்குள் நிழல் விழும். மிரளுகிற மீன்கூட அந்த நிழலில் சாவதானமாக நீந்தும். மீன் கழிவை வேரெல்லாம் உறிஞ்சிக்கொள்வதால் தண்ணீரும் சீக்கிரம் கெடாது. அடியில் நாலு கல், மேலே இந்தப் பச்சை. அழகுக்கு அது போதும்.

அதில் ஒரு தொல்லை உண்டு. மிதக்கும் செடி நிற்காது. திங்கட்கிழமை ஒரு மூலையில் இருப்பது அடுத்த திங்கட்கிழமை தொட்டி முழுக்கப் போர்த்திவிடும். வெளிச்சம் போகாது, காற்றுப் போகாது, மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். அதனால் வாராவாரம் பாதியை அள்ளி வெளியே எடுத்தே ஆக வேண்டும்.

அதற்குத்தான் வளையம். தொட்டிக்குக் காற்று விடும் பிளாஸ்டிக் குழாயில் ஒரு முழம் வெட்டி, இரண்டு முனையையும் சேர்த்து வட்டமாக்கி மிதக்கவிட்டால், செடி அதற்குள்ளேயே நிற்கும். முனை பிரியாமலிருக்க நான் மேலே நூல் சுற்றுவேன். என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறார். மிஞ்சிய பட்டு நூலை வீட்டுக்குக் கொண்டுவருவார், மயில் கழுத்து நீலத்தில். தண்ணீரில் கிடந்தாலும் சாயம் போகாது. மீன்தொட்டி வளையத்துக்குப் பட்டு நூல் சுற்றுகிற பைத்தியம் மதுரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மண்டபத்துத் தொட்டி

அலங்காநல்லூர் ரோட்டில் உள்ளே பிரிந்து போனால் அந்த ஊர். தவமணி அண்ணன் மண்டபத்தில் ஐந்தடித் தொட்டி ஒன்று வைத்துக் கொடுத்தேன். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் உட்காரும் கூடத்தில், வாசலுக்கு எதிரே.

கல்யாண மண்டபத்து மீன் பாவம். பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டுவார்கள். ஒரு தடவை கேசரியைப் போட்டிருந்தார்கள். அதனால் மேலே மிதக்கும் செடிகளை வளையம் வளையமாக விட்டு நிழல் பண்ணினேன். மூன்று வளையம், நடுவில் இரை போட ஒரு திறப்பு. பார்த்தவர்கள் எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கேதான் வீரணனைப் பார்த்தேன். வாத்து மேய்க்கிறவர், நாற்பது வயது இருக்கும். இருநூறு வாத்துகளோடு வயல் வயலாகச் சுற்றிக்கொண்டிருந்தவர், அந்த வருஷம்தான் ஊரில் கேட்டுக்கொண்டு கண்மாய்க் கரையிலேயே வலை கட்டிப் பட்டி போட்டிருந்தார். மண்டபத்துச் சமையல்கட்டுக்கு முட்டை கொடுக்க வந்தவர், தொட்டி முன்னால் வந்து குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இந்த வளையம் எதுக்குக்கா?"

"வளையம் இல்லேன்னா இது பூரா மூடிரும்ல. பொல்லாத செடி இது. விட்டா வீட்டையே மூடும்."

"அம்புட்டு வெரசா வளருமா?"

"வாராவாரம் ஒரு வாளி அள்ளுறேன், பாருங்க."

அவர் வாளியை எட்டிப் பார்த்தார். "அள்ளி என்னக்கா செய்வீக?" என்று கேட்டார். நான் ஏதோ வேலையில் இருந்தேன், பதில் சொல்லவில்லை. பதில் சொல்லியிருந்தால் அவராவது தடுத்திருப்பார்.

கால் படாத இடம்

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். சாமிக்குப் போட்ட பூ, துளசி, மாவிலைத் தோரணம் எதையும் குப்பையில் போட மாட்டோம். கால் படாத இடத்தில், தண்ணீரில் விட வேண்டும். மதுரையில் அநேகம் வீடுகளில் இதுதான் வழக்கம். ஒரு பையில் சேர்த்து வைத்து, ஆற்றுப் பக்கம் போகும்போது போட்டுவிட்டு வருவார்கள். வைகையில் எங்கே தண்ணீர் இருக்கிறது என்று தேடுவது தனி வேலை.

தொட்டியிலிருந்து அள்ளிய செடிக்கும் நான் அந்த வழக்கத்தையே வைத்துக்கொண்டேன். பச்சைப்பசேல் என்று இருக்கிறது, உயிரோடு இருக்கிறது, இதைப் போய் எப்படிக் குப்பைத் தொட்டியில் போடுவது? மனசு வரவில்லை. வெயிலில் காயவைத்து ரோஜாச் செடிக்கு உரமாகப் போட்டிருந்தால் முடிந்தது கதை. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் மண்டபத்திலிருந்து காளவாசல் வரை ஸ்கூட்டரில் ஈர வாளியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு வர எனக்குச் சோம்பல். போகிற வழியில் கண்மாய். மடைப் பக்கம் வண்டியை நிறுத்தி, வாளியைக் கவிழ்த்து, தண்ணீரில் அலசிக்கொண்டு கிளம்பிவிடுவேன். நீயும் பிழைத்துப் போ என்று அந்தச் செடியிடம் சொல்லுவேன். சத்தியமாகச் சொல்கிறேன், புண்ணியம் செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

ஆறேழு மாதம் இப்படி. அப்புறம் மழை பெய்தது, கால்வாயிலும் தண்ணீர் விட்டார்கள். கண்மாய் நிறைந்தது. செடியும் நிறைந்தது.

மறுபடி கரையில்

"வாத்துக் கால்ல" என்று நான் சொன்னதும் கூட்டத்தில் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. வீரணன் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு, கையில் வாத்து ஓட்டும் நீளக் கம்பு.

அவர் சண்டை போடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, என் உள்ளங்கையை உற்றுப் பார்த்தார்.

"அக்கா, இது மண்டபத்துத் தொட்டியில வளையத்துக்குள்ள கெடக்குமே, அதுதானே?"

கேள்வி அவ்வளவு சாதாரணமாக வந்தது. அந்த இடத்தில் 'ஆமா' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும், பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போடுவேன், கடையில் பேரம் பேசுகிறவர்களை ஓட ஓட விரட்டுவேன். அந்த வாய்க்கு 'ஆமா' வரவில்லை.

"அது வேற, இது வேற. பாக்கத்தான் ஒண்ணு மாதிரி இருக்கும்" என்றேன்.

"அப்புடியா" என்றார் வீரணன்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ஆளாளுக்குப் பேசினார்கள். வந்தவனை இருக்கவிட்டது தப்பு என்றார் ஒருவர். வாத்துக் கழிவால்தான் மீன் செத்தது என்றார் இன்னொருவர். தவமணி அண்ணன் கையமர்த்தினார். "வீரணா, கோவிச்சுக்காத. ஊர்த் தண்ணி. நாளைக்கே பட்டியப் பிரிச்சிரு."

"அண்ணே, வாத்து இப்பத்தான் முட்டைக்கு வந்திருக்கு. இந்த நேரத்துல எடம் மாத்துனா மெரண்டு போயி முட்டைய நிறுத்திரும். ஒரு ரெண்டு மாசம் பொறுங்கண்ணே. தண்ணியில எறக்காமக் கரையிலயே வச்சுக்கிறேன்."

"நிபுணரே சொல்லிட்டாகல்லப்பா" என்றார் அண்ணன், என்னைக் காட்டி.

நிபுணர் தலையைக் குனிந்துகொண்டு கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். செடியை எங்கே போடுவது என்று தெரியாமல் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது வீரணனின் மனைவி வலைக் கம்புகளைப் பிடுங்க ஆரம்பித்திருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வாத்துக் கழுத்தில்

மறுநாள் மத்தியானம் வீரணன் என் கடைக்கு வந்தார். ஊரைக் காலி பண்ணிக்கொண்டு கிளம்புகிற நாளில், பஸ் ஏறிக் காளவாசல் வந்து, விசாரித்துக் கடையைக் கண்டுபிடித்து வந்திருக்கிறார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன்.

மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிரித்தால் வளையம். சேறு படிந்து, பாசி ஒட்டி. மயில் கழுத்து நீலம் மட்டும் மங்காமல் இருந்தது.

"ஒரு பொட்டை வாத்து இத கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரிஞ்சுச்சுக்கா. இன்னைக்குக் கூண்டுல அடைக்கயிலதான் பாத்தேன். ஒங்களுது மாதிரி இருந்துச்சு. கொடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மூன்று வளையத்தில் ஒன்று ரொம்ப நாளாகக் காணோம்தான். கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள் எடுத்துப் போயிருக்கும் என்று நினைத்து வேறு கட்டிப் போட்டிருந்தேன். செடியோடு செடியாக வாளியில் போய், மடைப் பக்கம் கொட்டப்பட்டிருக்கிறது.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். சொன்னேனா?

"மண்டபத்துப் பிள்ளைக எடுத்து எறிஞ்சிருக்கும்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரமில்லை. "சரிக்கா, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். டீ குடிக்கிறீர்களா என்றுகூட நான் கேட்கவில்லை.

வளையத்தை மேஜை இழுப்பறையில் போட்டு மூடினேன். இரண்டு வாரம் கழித்து ஏதோ பேனா தேடிய என் வீட்டுக்காரர் அதை எடுத்துவிட்டார். எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். தமிழில் எழுதினால் இப்படி வரும்: "இது நம்ம நூல்தானே? சேறா இருக்கே, எங்கே கிடந்தது?"

"இழுப்பறையைக் குடையுறதைத் தவிர வேற வேலை கிடையாதா உங்களுக்கு?" என்று கத்தினேன். மனிதர் பயந்துபோய் வளையத்தை வைத்துவிட்டு வெளியே போனார். இருபது வருஷத்தில் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. பின்னாலேயே போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர், "இன்னும் அவங்க கண்மாயில அந்தச் செடி இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு டம்ளர் காபி

தவமணி அண்ணனிடம் போய்ச் சொன்னேன். மண்டபத்துக் கூடத்தில், அந்தத் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வேற யாருக்கும் தெரியுமா?"

"எங்க வீட்டுக்காரருக்கு மட்டும்தாண்ணே."

"அப்பப் பேசாம இருங்க. அவன் போயிட்டான். இனி இதக் கெளறுனா என்னா ஆகும்? ஒங்க பேரும் கெடும், மண்டபத்துப் பேரும் கெடும். நான்ல பட்டியப் பிரிக்கச் சொன்னேன்? என்னைய ஊரு காறித் துப்பும்." உள்ளே திரும்பி, "அம்மாவுக்கு ஒரு காபி கொண்டாங்கப்பா" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வந்தது கோபமில்லை. அப்பாடா என்று இருந்தது. தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிய மாதிரி. நான்தான் சொல்லிவிட்டேனே, அவர்தானே வேண்டாம் என்கிறார் என்று மனசு கணக்குப் போட்டது. காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். நல்ல காபி.

செய்தது, சொன்ன பொய், எல்லாவற்றையும்விட அந்தக் காபியை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மேலூர்ப் பக்கம்

வீரணனைக் கண்டுபிடிக்க ரொம்பச் சிரமப்படவில்லை. மேலூர்ப் பக்கம் அறுப்பு முடிந்த வயல்களில் மேய்க்கிறார் என்று முட்டை வாங்குகிறவர் ஒருவர் சொன்னார். ஸ்கூட்டரில் போனேன். அறுத்த நெல்லின் அடித்தாள் நின்ற வயலில் வாத்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இருநூறு இல்லை, பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது.

"பாதிய வித்துட்டேங்க்கா. முட்டைய நிறுத்திருச்சுக. தீனி போட்டு மாளல" என்றார். புகார் சொல்கிற குரலே இல்லை.

வரப்பில் நின்றபடி சொன்னேன். வாளி, மடை, சோம்பல், எல்லாம். அவர் மனைவி வந்து பக்கத்தில் நின்றார். முடித்துவிட்டு அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"தெரியும்க்கா" என்றார். "அன்னைக்கு ஒங்க கையில பாத்தப்பவே தெரியும். வளையம் கெடச்சப்ப இன்னும் நல்லாத் தெரிஞ்சுச்சு."

"அப்ப ஏன் ஊர்ல சொல்லல?"

"நான் சொன்னா யாருக்கா நம்புவா? வளையத்த நானே தொட்டியில இருந்து எடுத்தேன்ம்பாக. அதான் ஒங்ககிட்டக் கொண்டாந்து கொடுத்தேன். நீங்க சொல்லுவீகன்னு நெனச்சேன்."

தப்பு என்னுது, மன்னிச்சிருங்க என்று ஏதோ உளறினேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் மனைவி குறுக்கிட்டார். அதுவரை அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இத எங்ககிட்ட எதுக்குச் சொல்றீக? எங்களுக்குத்தான் தெரியுமே. தெரியாதவுக அங்க இருக்காகல்ல, அங்க போயிச் சொல்லுங்க."

அவ்வளவுதான். வாத்துகள் அடுத்த வயலுக்குத் தாண்டிவிட்டன. இரண்டு பேரும் அவற்றின் பின்னால் போய்விட்டார்கள்.

வாளி மூடி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கரை, அதே முப்பது பேர். செடியை இழுத்துக் கரையேற்ற ஊரே கயிறும் வலையுமாக இறங்கியிருந்தது. நான் வளையத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன். இந்தத் தடவை சுருக்கமாகச் சொன்னேன். "செடியக் கொட்டுனது நான். வாத்து மேல பழியப் போட்டதும் நான். வீரணன் கேட்டதுக்குப் பொய் சொன்னதும் நான்."

தவமணி அண்ணன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணிமூட்டைக்காரப் பெண் ஒருத்திதான், "ஏத்தா, மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்னா?" என்றாள். பிறகு கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்தாள்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை போனேன் என்று ஞாபகமில்லை. அள்ள அள்ள வந்தது. காலெல்லாம் அரிப்பு, மூக்கெல்லாம் அந்த அழுகல் வாடை. என் வீட்டுக்காரரும் வந்தார். கரையில் குவித்துக் காயவைத்ததை வயலுக்கு உரமாக எடுத்துப் போனார்கள். ஒரு சின்ன இலைத் துண்டு தங்கினாலும் மறுபடி பரவும் என்பதால் இன்றைக்கும் மூலை முடுக்கில் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தவமணி அண்ணன்தான் வீரணனுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன். "தப்பாப் போச்சு வீரணா, திரும்பி வந்திரு" என்றார். அந்த வருஷம் அவர் வரவில்லை. அடுத்த வருஷம் கண்மாயில் தண்ணீர் வந்த பிறகுதான் வந்தார், நூறு வாத்துகூட இல்லாமல். பழைய இடத்திலேயே வலை கட்டினார்.

மண்டபத்துத் தொட்டியில் இப்போது வேலம்பாசி மட்டும்தான். அது எப்போதும் அந்தக் கண்மாயிலேயே கிடப்பது. வளையம் எதுவும் இல்லை. தண்ணீர் மாற்ற வாராவாரம் போகிறேன். கண்மாய் வந்ததும் வண்டி வேகம் தானாகக் குறையும்.

வீரணன் பட்டியிலிருந்து எழுந்து ரோட்டுக்கு வருவார். நான் வண்டியை நிறுத்தி வாளி மூடியைத் திறப்பேன். அவர் குனிந்து பார்ப்பார். அடியில் கையைவிட்டுத் துழாவியும் பார்ப்பார். பிறகு "ம், போங்கக்கா" என்பார். முதல் வாரம் நானாகத்தான் திறந்து காட்டினேன். வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

ஒரு வருஷமாகிறது. போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. இந்த வாரமும் பார்த்தார்.